போல்டரைப் பூட்டி வைத்தவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மரியாதைக்காக இல்லை. எழுதினால் செத்தவர் எழுந்து வந்து, "யாரைக் கேட்டு எழுதின?" என்பார். அதைத் தாங்கும் பொறுமை என்னிடம் இல்லை. இருந்ததையெல்லாம் நான்கு வருடத்தில் அவர் கடையிலேயே தீர்த்துவிட்டேன்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், காவடிக் குழு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் கம்ப்யூட்டரில் டிசைன் செய்து கொடுப்போம். கொடுப்போம் என்பது பேச்சுக்கு. டிசைன் நான் செய்வேன். அவர் பூட்டுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஒரு பத்திரிகை ஓரத்தில் போட மயில் படம் வேண்டும் என்று 'பார்டர்' போல்டரைத் திறந்தேன். திறக்கவில்லை. இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி கிடையாது என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. வேறு கடையாக இருந்தால் முதலாளி பதறுவார். இவர், ராத்திரி வைத்த பொறியில் எலி விழுந்த மாதிரி சந்தோஷமாக எழுந்து வந்தார்.

"வந்துடுச்சா?"

"பர்மிஷன் இல்லன்னுது சார்."

"ஆங். வரணும். நான்தான் போட்டு வச்சிருக்கேன்."

என்னை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொன்னார். எதையோ தட்டினார். மறுபடி என்னை உட்காரச் சொன்னார். மயில் வந்தது. அதைப் பத்திரிகையில் வைத்து சேவ் செய்தேன். மறுபடி அதே பெட்டி.

"பாக்கறதுக்கு மட்டும்தான் குடுத்திருக்கேன்," என்றார். "சேவ் பண்றதுக்கு இல்ல."

"அப்ப எப்டி சார் வேலை செய்றது?"

"பாத்து செய்யணும்."

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு போல்டருக்குப் பின்னாலும் ஒரு பட்டியல் உண்டு. யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் அழிக்கலாம் என்று டிக் போடலாம். நூறு பேர் உட்காரும் ஆபீசில் அது தேவை. எங்கள் கடையில் இரண்டு பேர். இவர் தினமும் காலையில் கடை திறந்ததும் கண்ணை மூடி ஜெபம் செய்வார். கண்ணைத் திறந்ததும் டிக் போட உட்காருவார். ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடும். சாயங்காலம் போகும்போது காலையில் போட்ட டிக்கையெல்லாம் எடுத்துவிடுவார். ஆக, நேற்று நான் பாதியில் விட்ட பத்திரிகையை இன்று தொடர மறுபடி அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இருந்தது இரண்டு பேர் என்றேன். கம்ப்யூட்டர் கணக்குப்படி நான்கு பேர். அவருக்கு ஒரு யூசர், எனக்கு ஒன்று, 'கஸ்டமர்' என்று ஒன்று, அவர் மனைவிக்கு ஒன்று.

"கஸ்டமருக்கு எதுக்கு சார்?"

"அவன் உள்ள பூந்துட்டா?"

"எப்டி சார் பூருவான்?"

"பூந்தா இந்த வழியாத்தான் பூரணும். பூந்து ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் மனைவி கடைக்கு வந்ததே கிறிஸ்துமசுக்குக் கேக் கொடுக்கத்தான். மவுசைத் தொட்டதில்லை. அந்த அக்கா பெயரில் ஒரு யூசர் வைத்து, எதிலும் ஒரு டிக்கும் போடாமல் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அவளுக்கு எதுவும் இல்லன்னு சிஸ்டத்துக்குத் தெரியணும்ல," என்றார்.

இப்படி ஆனதற்கு ஏதாவது பழைய காரணம் இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. சிலருக்குச் சர்க்கரை வரும். இவருக்குப் பூட்டு வந்தது. குடையை சைக்கிள் செயினால் ஷட்டரோடு கட்டி வைப்பார். சாவி வீட்டில் இருக்கும். மழை பெய்தால் வீட்டுக்கு நனைந்துகொண்டே போய்ச் சாவி கொண்டுவந்து குடையை அவிழ்ப்பார். அதற்குள் மழை நின்றிருக்கும். நின்றாலும் விரித்துப் பிடித்துக்கொண்டுதான் போவார்.

கம்ப்யூட்டரில் பென் டிரைவ் சொருகும் ஓட்டைகளில் குழாய் ஒழுகலை அடைக்கும் பசையை வைத்து அடைத்தார். மவுஸ், கீபோர்டு ஒயர்களும் அதோடு சேர்ந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டன. மவுஸ் கெட்டுப்போனபோது அதன் வாலை வெட்டி, புது மவுசின் வாலையும் வெட்டி, இரண்டையும் முறுக்கி டேப் சுற்றினோம். வலது கிளிக் வேலை செய்யவில்லை. "வலது எதுக்கு, இடதுலயே பண்ணு," என்றார்.

இவ்வளவும் எதிர்ச் சந்தில் இருந்த இன்னொரு டிசைன் கடைக்காரனைக் குறிவைத்து. அவன் நம் டிசைனைத் திருடுகிறான் என்பார். ஆதாரம் கேட்டால் ஒரு பழைய பத்திரிகையை எடுத்து நீட்டுவார். அதில் ஒரு ரோஜா. நாங்கள் போடும் அதே ரோஜா. ரோஜாக்கள் நிறைந்த ஒரு சிடி ஒரு காலத்தில் எல்லாக் கடையிலும் விற்றது. இருவரும் அதை வாங்கியிருந்தார்கள். சொன்னேன். "அப்ப சிடியையே திருடியிருக்கான்," என்றார்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரே மஞ்சளாக இருந்தது. அந்த வாரத்தில் போய் இவர் 'மறுப்பு' என்ற டிக்கைக் கண்டுபிடித்தார். அனுமதி கொடுக்காமல் இருப்பது ஒன்று. மறுப்பது வேறு. மறுப்பு டிக் போட்டுவிட்டால் மற்ற எந்த அனுமதியும் அதன் முன்னால் செல்லாது. இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார். டிசைன்கள் இருந்த டிரைவ் முழுவதற்கும், 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு நேரே, எல்லாவற்றையும் மறுத்து டிக் போட்டு ஓகே கொடுத்தார்.

காவடிக் குழு ஆட்கள் நான்கு பேர் பேனருக்காக வந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர் டிரைவைத் திறந்தார். பெட்டி வந்தது. மூடித் திறந்தார். பெட்டி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பெட்டி. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மானிட்டருக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், "நான்தான்டா," என்றார்.

"எவ்ரிஒன்ல நீங்களும் வர்றீங்க சார்," என்றேன்.

"நான் எப்டிமா வருவேன்? நான் ஓனரு."

"எல்லாருக்கும் இல்லன்னு போட்டிருக்கீங்க. எல்லாரும்னா எல்லாரும்தான்."

"கல்யாணத்துக்கு எல்லாரும் வந்துட்டாங்களான்னு கேட்டா, பொண்ணு மாப்பிள்ளையையும் சேத்தா கேப்பாங்க?"



காவடிக்காரர்களில் ஒருவர் மேலே மலையைக் காட்டி, "இன்னா சார், முருகனுக்கே பர்மிஷன் இல்லையா?" என்றார்.

"முருகனுக்கு இல்லன்னு யாரு சொன்னா? ஒனக்குத்தான் இல்ல. உக்காரு."

கம்ப்யூட்டர் முன்னால் நான் போய் உட்கார்ந்தேன். போல்டரின் உரிமையாளர் யார் என்று ஒரு இடம் உண்டு. அங்கே போய் உரிமையை முதலில் வாங்க வேண்டும். பிறகு அந்த மறுப்பு வரியைப் பட்டியலிலிருந்து தூக்க வேண்டும். பெரிய வித்தை இல்லை. தேடினால் யாருக்கும் கிடைக்கும். டிரைவ் திறந்தது. பேனர் அச்சுக்குப் போயிற்று. அவர் மட்டும் நகரவில்லை. பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடந்துவந்ததைப் பார்த்தவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து செஞ்சியே, அதை மறந்துடு."

"மறந்துட்டேன் சார்."

"எதை மறந்த?"

"டிரைவைத் திறந்ததை."

"பாத்தியா. ஞாபகம் இருக்குது."

அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. என் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆந்திராவில் நகரிப் பக்கம். பத்திரிகையை முதலாளியே செய்து தருவதாகச் சொன்னார். செய்தும் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. அந்த ரோஜாவைப் போடவில்லை. அது அச்சுக்குப் போவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் ஒரு வண்டி நிறையக் கடைக்கு வந்து இறங்கினார்கள். விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க வேண்டுமாம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெயர். என் அப்பா பெயரைக் கொஞ்சம் கீழே இறக்கினால் இடம் கிடைக்கும் என்று ஒருவர் வழியும் சொன்னார். எங்கள் அப்பா தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்கிறவர். அச்சில் அவர் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதலாளி நிதானமாகப் பத்திரிகை ஃபைலை கிளிக் செய்தார். பெட்டி வந்தது. மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"பாருங்க. சிஸ்டமே வேணாங்குது."

"ஒரே ஒரு பேரு சார். பெத்த நைனா, மாப்பிள்ளையோட பெரியப்பா, அவரு பேரு மட்டும்."

"பெத்த நைனாவுக்குப் பர்மிஷன் இல்லீங்க."

"நீங்க ஓனருதானே, திறக்க முடியாதா?"

"ஓனருன்னா? எவ்ரிஒன்ல நானும் வர்றேன்ல," என்றார் முகம் மாறாமல்.

அவர்கள் போனதும், குடை சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அந்தப் பெட்டியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது அந்த ஒரு நாள்தான்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மட்டும் என்னிடம் கொடுக்க மாட்டார். அவரே செய்வார். அழுதுகொண்டு வருகிறவர்களைத் திட்டிக்கொண்டே செய்வார். செத்தவருக்கு ஒரு நல்ல படம் இருக்காது. ஏதோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவை நீட்டுவார்கள். வெட்டி எடுத்தால் தோள் மேல் யாரோ ஒருவர் கை மட்டும் உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால் ஆதார் அட்டைப் படம். "ஒங்கப்பாவை உயிரோட இருக்கும்போது ஒரு தடவ தனியா நிக்க வச்சு எடுத்தீங்களா?" என்று கத்துவார். அவர்கள் இன்னும் அழுவார்கள்.

தனக்கு அப்படி ஆகக் கூடாது என்று இவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டார். மனைவியிடம் சொல்லியும் வைத்தார். நான் போனால் இந்தப் படம்தான், சிஸ்டத்தில் இருக்கிறது, வேறு எதையாவது போட்டு மானத்தை வாங்காதே. இதை அந்த அக்காதான் பிறகு என்னிடம் சொன்னார். படம் எடுத்தபோது நான் கடையில் இல்லை. அதற்குள் வேலையை விட்டிருந்தேன். காய்ச்சலில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தால் என் யூசருக்கு எல்லாவற்றையும் மறுத்து வைத்திருந்தார்.

"லீவுல இருந்தல்ல. இல்லாத ஆளுக்கு எதுக்குப் பர்மிஷன்?"

"வந்துட்டேனே சார்."

"நாளைக்கு வருவேன்னு இன்னா நிச்சயம்?"

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அரக்கோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. அங்கே எல்லா போல்டரும் திறந்தே கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதுவும் ஒரு தலைவலி.

போன வருடம் ஒரு காலையில் அந்த அக்கா போன் செய்தார். விடியற்காலையில் நெஞ்சு வலி வந்து சார் போய்விட்டார் என்றார். குரலில் அழுகை இல்லை. அழுகைக்கு முன்னால் ஒரு வேலை இருந்தது.

"அந்தப் படம் வேணும் பாப்பா. சிஸ்டம் யாருக்கும் திறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு எனக்குச் சொன்னதில்ல. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. அந்தப் படம் போட்ட பேனர் வராம நான் பெட்டியைத் தூக்க விட மாட்டேன்."

எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். செத்த அன்றைக்கும் என்னை அவர் போல்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறாரே என்று. ஸ்டுடியோவில் சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

கடையில் அக்காவின் தம்பி காத்திருந்தார். ரயில்வேயில் வேலை. கையில் ஆக்ஸா பிளேடு. கம்ப்யூட்டர் பெட்டியைச் சுற்றி இரும்புக் கூண்டு அடித்து, கூண்டைச் செயினால் மேசைக் காலோடு பூட்டி வைத்திருந்தார் இவர். நான் போன பிறகு செய்த ஏற்பாடு.

"எங்க பாவா சாவியை எங்க வச்சாருன்னு தெரியல சிஸ்டர்," என்றார் தம்பி. அக்கா கணவர் அவருக்குப் பாவா. "ஒருவேளை இன்னொரு பெட்டியில வச்சுப் பூட்டியிருப்பாரு."

செயினை அறுத்தோம். பாஸ்வேர்டு இல்லாமல் அந்த கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாது. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு கடைதான் இருந்தது. எதிர்ச் சந்துக் கடை.

அந்தக் கடைக்காரர் தொந்தியும் கண்ணாடியுமாக ஒரு சாது மனிதர். விஷயத்தைக் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு இடம் கொடுத்தார். "தங்கமான மனுஷன்," என்றார். "ஆனா என்னைப் பாத்தா மட்டும் ஏன் மூஞ்சியைத் திருப்பிகினு போவாருன்னே தெரியல."

"நீங்க டிசைனைத் திருடறீங்கன்னு," என்றேன். நேரமில்லை, அதனால் நேராகச் சொன்னேன்.

"எந்த டிசைனை?"

"ரோஜா."

அவர் யோசித்தார். "நான் அவருதான் திருடறாருன்னு நெனச்சுகினு இருந்தேன். சரி, இனிமே இன்னா," என்று டிஸ்கை மாட்டினார்.

'நான்' என்று ஒரு போல்டர் இருந்தது. திறந்தேன். பெட்டி வந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். யார் யாருக்கு என்ன அனுமதி என்று இருந்த இடத்தில் ஒரு பெயரும் இல்லை. நீள நீளமான எண்கள். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அப்படித்தான் வரும். அந்தப் பெயர்கள் அவர் கம்ப்யூட்டரோடு சரி. வெளியே வேறு எந்தக் கம்ப்யூட்டருக்கும் அவர்களைத் தெரியாது.

"இதுல பாவா எது?" என்றார் தம்பி.

"தெரியல."

"எங்க அக்கா எது?"

"அதுவும் தெரியல. ஒண்ணு நான். ஒண்ணு கஸ்டமரு."

தம்பியின் போன் அடித்தது. அக்கா. பாஸ்டர் வந்துவிட்டாராம். பெரியவர்கள் சத்தம் போடுகிறார்களாம். தம்பி, "வந்துகினே இருக்குது," என்று சொல்லி வைத்தார்.

உரிமையை எடுத்தேன். மறுப்பு வரியைத் தூக்கினேன். போல்டர் திறந்தது. உள்ளே 'நான் புதுசு' என்று ஒரு போல்டர். அதற்குத் தனி மறுப்பு. அதற்குள் 'ஃபைனல்'. அதற்கும் தனி மறுப்பு. மேலே திறந்தால் கீழே தானாகத் திறக்கும் வழியை ஒவ்வொரு இடத்திலும் வெட்டி வைத்திருந்தார். வாய்க்கு வந்ததையெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்தேன். துக்க வீட்டு ஆள் பக்கத்தில் நிற்கிறாரே என்று ஒரு தடவை நிறுத்தினேன். "திட்டுங்க சிஸ்டர், பரவால்ல," என்றார் தம்பி.

ஒரே ஒரு படம் இருந்தது. வெள்ளைச் சட்டை. வாரிய தலை. நீலத் துணி. நெற்றியின் வலது பக்கத்திலிருந்து தாடையின் இடது பக்கம் வரை சாய்வாக, ஆங்கிலப் பெரிய எழுத்தில், சிவப்பில், 'சாம்பிள்'.

டிசைன் கடைகளில் இது வழக்கம்தான். பார்க்க அனுப்பும் படத்தின் மேல் இப்படி எழுதிவிடுவோம். இல்லாவிட்டால் அதையே எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அச்சுக்குப் போகும்போது எழுத்தை எடுத்துவிடுவோம். இவர் எழுத்து இல்லாத படத்தையே வைத்துக்கொள்ளவில்லை. டிஸ்க் முழுக்கத் தேடினேன். இல்லை. தன் முகத்தை எவனாவது திருடிவிடுவான் என்று அசலை அழித்திருக்கிறார்.



"நெட்டுல ஒண்ணு இருக்குது," என்றார் கடைக்காரர். "படத்தைப் போட்டா எழுத்தை அதுவே எடுத்துடும்."

போட்டார். எழுத்து போயிற்று. எழுத்துக்கு அடியில் இருந்த மூக்கு, ஒரு கண், பாதி வாய் எல்லாவற்றையும் அது தன் இஷ்டத்துக்கு வரைந்து கொடுத்தது. கன்னம் உப்பியது. உதடு சிரித்தது. பல் தெரிந்தது.

தம்பி குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்காரு," என்றார். "ஆனா யாரு இது?"

இரண்டு படத்தையும் அக்காவுக்கு அனுப்பினோம். உடனே போன் வந்தது.

"அந்தச் சிரிக்கிற ஆளு வேணாம்," என்றார் அக்கா. "எழுத்து போட்டதே இருக்கட்டும்."

"மூஞ்சி மேல இருக்குதுக்கா," என்றேன். "ஊரே பாக்கும்."

"எழுத்துக்குப் பின்னால அவருதான இருக்காரு. அடி."

அடித்தோம். எதிர்ச் சந்துக் கடைக்காரர் தன் மெஷினிலேயே அடித்து, சட்டம் கட்டி, தானே ஒரு முனையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று மேலே. நடுவில் அவர். அவர் மேல் சாம்பிள்.

வீட்டு வாசலில் பேனரை ஏற்றினோம். நாலு மணி தாண்டிவிட்டது. வெளியே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மாலையோடு வந்திருந்த காவடிக் குழு ஆள் ஒருவர் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஏம்மா, இன்னும் ஓகே பண்ணலையா?" என்று கேட்டார்.

"இதுதாண்ணே," என்றேன்.

பாஸ்டர் பைபிளைக் கையில் எடுத்து, வெயில் போகிறது என்று தம்பியிடம் சாடை காட்டினார். தம்பி உள்ளே பார்த்தார். பெட்டிக்கு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் குனிந்து நின்றார்கள். யாரும் கை வைக்கவில்லை.

அக்கா எழுந்து வெளியே வந்தார். பேனருக்கு நேராக நின்று மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"கோணலா இருக்குது பாரு," என்றார் தம்பியிடம். "இடது பக்கக் கயித்தை இழு. இன்னும் கொஞ்சம். போதும்."

பேனர் நேரானது. உள்ளே திரும்பினார்.

"இப்ப தூக்குங்க," என்றார்.

தூக்கினார்கள்.